மேலாளர் கையெழுத்து

அன்வருதீன் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, வாங்கக் கூடாத வாரத்தில் கிடைத்தது.

நகர மராமத்து வாரியத்தில் அவர் ஹெட் ஓவர்சியர். பாண்டிச்சேரி ஊருக்குள் வாரியம் பார்த்த சாலை, சாக்கடை, மதகு வேலை எல்லாமே அவர் வழியாகத்தான் நடந்தன. என்ஜினியர் சென்னைக்குப் போனபிறகு அந்த நாற்காலிக்கு யாரும் வரவில்லை. எஸ்டிமேட் போடுவதும், காண்ட்ராக்டர்களோடு மல்லுக்கட்டுவதும், மழைக்காலத்தில் ஊர்க்காரர்களிடம் வசவு வாங்குவதும் அன்வருதீன் தலையில் விழுந்தன. பார்க்கிற வேலைக்குத் தகுந்தபடி பதவியைத் தரம் உயர்த்தித் தரவேண்டும் என்று மனுக் கொடுத்தார். பதில் வரவில்லை. நினைவூட்டினார். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

எண்பத்து மூன்றாம் வருடம் தீபாவளி முடிந்து, மழை பிடித்துக்கொள்ளப் போகிற சமயத்தில், வாரியச் செயலாளர் அரிகிருஷ்ணன் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க போஸ்ட்டை உயர்த்தியாச்சு. ஹெட் ஓவர்சியர்ங்கிற பதவியே இனிமே கிடையாது. அந்த இடத்துல பணி மேலாளர். ஜீப் உண்டு. நாளைக்கே சார்ஜ் எடுத்துக்கலாம்."

அன்வருதீனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அது முகத்துக்கு வந்து சேர்வதற்குள் இன்னொரு நினைப்பு வந்து மறித்தது.

"இந்த வாரமா சார்?"

அரிகிருஷ்ணன் குரலை உயர்த்தாத மனிதர். பொய் சொல்லவேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிடுவார். அன்று பேசினார்.

"மனு நீங்க போட்டது. தகுதி உங்களுக்கு இருக்கு. எப்ப கொடுக்கிறதுங்கிறது மட்டும்தான் என் முடிவு. ஏன் இப்பன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

தெரியும். வருகிற திங்கட்கிழமை வேலைநிறுத்தம். வாரியத்தில் வருடக்கணக்காகத் தினக்கூலியாகவே கிடந்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. சங்கத் தலைவர் கேங் மேஸ்திரி பாவாடை. துணைத் தலைவர் அன்வருதீன்.

கொஞ்ச காலத்துக்கு முன்னால் மூடிய சாக்கடைக்குள் இறங்கிய ஒருவர் விஷவாயு தாக்கி உள்ளேயே செத்துப்போனார். அதற்குப் பிறகு சங்கம் போராடி ஒரு விதியை வாங்கியது. ஹெட் ஓவர்சியர் கையெழுத்துப் போட்ட வேலைச் சீட்டு இல்லாமல் மூடிய சாக்கடைக்குள் யாரும் இறங்கக் கூடாது. வாரியத்து ஆளானாலும் சரி, காண்ட்ராக்டர் ஆளானாலும் சரி. வேலைநிறுத்தம் என்று வந்தால் அன்வருதீன் சீட்டில் கையெழுத்துப் போடமாட்டார். வெளியாட்களையும் இறக்க முடியாது. மழையில் ஊர் மிதக்கும்போது வாரியம் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆகவேண்டும். சங்கத்தின் மொத்த பலமும் அந்த ஒரு கையெழுத்தில் இருந்தது.

மேலாளர் என்பவர் நிர்வாகத்தைச் சேர்ந்தவர். சங்கத்தில் இருக்க முடியாது. செயலாளர் ஆளை மாற்றவில்லை. ஆள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பெயரை மாற்றினார், கையெழுத்து நிர்வாகத்தின் பக்கம் வந்துவிட்டது.

"வேணாம்னு சொன்னா?" என்று கேட்டார் அன்வருதீன்.

"வேற ஒருத்தர் வருவார். அவர் யாரை எதுல இறக்குவார்னு நான் இப்பவே சொல்ல முடியாது."

"நான் எடுத்துக்கிட்டா, யாரு எறங்கணும் எறங்கக் கூடாதுங்கிறது என் முடிவுதானே?"

"மேலாளர் நீங்க," என்றார் அரிகிருஷ்ணன். "உங்க முடிவுதான்."

முல்லா வீதி வீட்டில் கரீமா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, காலை மிதிப்பலகையிலிருந்து எடுத்தாள்.

"உங்களுக்கு வேணுமா?"

"வேற ஒருத்தன் வந்தான்னா கண்ட ஆளையும் எறக்குவான் கரீமா. எவனாவது செத்துப் போவான். நான் இருந்தா..."

"அத்த நான் கேக்கல. உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

அன்வருதீன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டுவதற்கு ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் அங்கேயே நின்றார்.

"வேணும்," என்றார்.

"அப்ப வேணும்னு சொல்லியே எடுத்துக்குங்க. ஆளுங்களுக்காக எடுத்துக்கிட்டேன்னு பாவாடை அண்ணங்கிட்ட போய் நிக்காதீங்க. அவரு நம்பமாட்டாரு. உங்களுக்கும் அது நல்லா இருக்காது."

மறுநாள் காலையில் உப்பளத்தில் இருந்த வாரியத்தின் யார்டுக்குப் போய், மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்த பாவாடையிடம் அவர் அதையேதான் சொன்னார்.

பாவாடை கடைசிவரை கேட்டார். காம்பைத் தரையில் குத்தி இறுக்கினார்.

"ஒரு வாரம் கழிச்சி எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கலாமில்ல பாய்?"

"தள்ளிப்போட்டா வேற ஆளு வந்துடும்."

"வரட்டுமே. வர்றவன் எனக்குத் தெரியாதவன். அவன் கேட்டாண்ட நின்னு நான் கத்துவேன். உன்னப் பாத்து எப்படிக் கத்துறது?"

"கத்து. நான் தப்பா நெனைக்கமாட்டேன்."

"நீ நெனைக்கமாட்ட. நான் நெனைப்பேன்." பாவாடை எழுந்தார். வயது ஐம்பதைத் தொட்டாலும் ரோடியர் மில்லில் தறி ஓட்டிய காலத்துத் தோள் அப்படியே இருந்தது. "சங்கத்துச் சாவி உங்கிட்ட ஒண்ணு இருக்குதில்ல? குடுத்துட்டுப் போ."

அன்வருதீன் சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்றினார். வளையம் இறுகியிருந்தது, நகம் பெயர்ந்தது. பாவாடை உதவிக்கு வரவில்லை, கையை மட்டும் நீட்டியபடி நின்றார்.

திங்கட்கிழமை யார்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நாள் முழுக்கக் கோஷம் கேட்கும். மேலாளர் பெயரைச் சொல்லி யாரும் கோஷம் போடவில்லை. ஜீப் கடந்து போகும்வரை கோஷத்தையே நிறுத்திவிடுவார்கள். அன்வருதீனுக்கு அது பெயர் சொல்லிக் கத்துவதைவிட மோசமாக இருந்தது. டிரைவரிடம் வேகமாகப் போகச் சொன்னார். பிறகு வேகமாகப் போனதற்கு வெட்கப்பட்டு, அடுத்த தடவை மெதுவாகப் போகச் சொன்னார்.

புதன்கிழமை மழை பிடித்தது. வியாழக்கிழமையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நெல்லித்தோப்பிலிருந்து போன்மேல் போன். சாலைக்கு அடியில் ஓடிய மூடிய சாக்கடை எங்கேயோ அடைத்துக்கொண்டு, தெருத்தண்ணீர் போக வழியில்லாமல் வீடுகளுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

அன்வருதீன் ஜும்மா தொழுகைக்குப் போகாமல் ஜீப்பில் நெல்லித்தோப்புக்குப் போனார். முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பெட்டிக்கடைக்காரர் சர்பத் பாட்டில்களை மேல்தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். சந்து முனையில் ஆள் இறங்குகிற துளை இருந்த இடத்தில் செயலாளரின் கார் நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு லாரி. லாரியில் கோணிச் சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் குந்தியிருந்தார்கள். விழுப்புரம் பக்கத்திலிருந்து காண்ட்ராக்டர் கூட்டிவந்த ஆட்கள்.

"சீட்டுல கையெழுத்துப் போடுங்க," என்றார் அரிகிருஷ்ணன். குடைக்குள் நின்றிருந்தாலும் கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது.

"இவங்களுக்கு இந்தச் சாக்கடை எந்தப் பக்கம் திரும்புதுன்னே தெரியாது சார். உள்ள தண்ணி வேகமா இருக்கு. அடைப்பு எடுத்த உடனே இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"நீங்க மேல நின்னு சொல்லுங்க."

"மேல நின்னு சொன்னா உள்ள கேக்காது சார்."

அரிகிருஷ்ணன் சுற்றிலும் பார்த்தார். ஒரு வீட்டு வாசலில் பெஞ்சின்மேல் இரண்டு குழந்தைகளும் ஒரு ஆடும் நின்றிருந்தன.

"அப்ப என்ன செய்யலாம்னு மேலாளர் சொல்லுங்க. இந்த வீடுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அது கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். அன்வருதீனிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"எங்க ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் இவங்க லாரியவிட்டு எறங்கக் கூடாது."

எங்க ஆளுங்க என்று வாயில் வந்ததை அவரே கவனித்தார்.

உப்பளம் யார்டு வாசலில் பந்தல் ஒழுகிக்கொண்டிருந்தது. அன்வருதீன் ஜீப்பைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு மழையில் நடந்து வந்தார். பேச்சு நின்றது. போலீஸ்காரர்கள் இரண்டு பேர் எதிர் கடையில் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நெல்லித்தோப்புல வீட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சி பாவாடை."

"தெரியும்."

"வெளியாளுங்க வந்திருக்கறாங்க. நான் சீட்டு போடல."

"அதுக்கு நாங்க மாலை போடணுமா?" பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். பாவாடை திரும்பிப் பார்த்ததும் குரல் அடங்கியது.

"நீ போடாத. அவரு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எங்களப் பேசக் கூப்புடுவாரு. கூப்புட்டே ஆவணும்," என்றார் பாவாடை. "அதுக்குத்தான மூணு நாளா நனைஞ்சிக்கிட்டு ஒக்காந்திருக்கறோம்."

"சாயங்காலத்துக்குள்ள தண்ணி இடுப்புக்கு வந்துடும்."

"வந்தா அவரு கூப்புடுவாரு."

சொல்லிவிட்டாரே தவிர பாவாடையின் கண் அன்வருதீன் மேல் நிற்கவில்லை. பந்தலில் இருந்தவர்களில் பாதிப்பேர் நெல்லித்தோப்புக்காரர்கள். பாவாடையின் வீடே அங்கேதான்.

கண்ணையன் எழுந்தான். முப்பத்தைந்து வயதுக்காரன், பதினோரு வருடமாகத் தினக்கூலி. சங்கத்தில் வாயைத் திறந்து பேசினவன் இல்லை.

"மேஸ்திரி, எம் பொண்டாட்டி புள்ளைங்கள பெஞ்சி மேல ஏத்தி வெச்சிட்டு வந்திருக்கறேன். அடைப்பு எங்கன்னு எனக்குத் தெரியும். ஸ்ட்ரைக்கு பெரிசுதான். ஆனா என்னால இங்க குந்திக்கிட்டு இருக்க முடியல."

யாரும் அவனைத் திட்டவில்லை. பாவாடை தலைத்துண்டைப் பிழிந்து உதறினார். முடிவு எடுக்கும்போது அவர் அப்படித்தான் செய்வார்.

"சரி. போறோம். ஆனா ஒண்ணு." அன்வருதீன் பக்கம் திரும்பினார். "வாரியத்துக்காகப் போகல. ஸ்ட்ரைக்கு ஸ்ட்ரைக்குதான். எங்க தெரு, எங்க சனம், நாங்களே எறங்குறோம். உன் சீட்டு வேணாம். சீட்டு வாங்கினா நாங்க வேலைக்குத் திரும்பிட்டோம்னு நாளைக்கி அவரு எழுதிக்குவாரு."

"சீட்டு இல்லாம எறங்கி எதனா ஒண்ணு ஆச்சின்னா..."

"ஆவாது."

"பாவாடை, இந்தச் சீட்டுக்காக நீயும் நானும்தான்..."

"ஆவாதுன்னு சொல்றேன்ல?"

அன்வருதீனால் அப்போது முடியாது என்று சொல்லியிருக்க முடியும். மேலாளராக அது அவர் கடமை. தண்ணீரில் நின்ற பெஞ்சும் லாரியில் குந்தியிருந்த தெரியாத மனிதர்களும் கண்முன் வந்தார்கள். "கயிறு எடுத்துக்குங்க," என்றார்.

லாரி ஆட்களை இறக்காமலே திருப்பி அனுப்பினார்கள். அரிகிருஷ்ணன் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். சங்கத்து ஆட்கள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கல் மூடியை நெம்பி ஓரமாகப் போட்டு, காற்று ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். பாவாடையும் கண்ணையனும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார்கள். இறங்கப் போகும் நொடியில் கண்ணையன் தலையைத் தூக்கி அன்வருதீனைப் பார்த்தான். பல வருடப் பழக்கம். ஓவர்சியர் தலையசைக்காமல் அவன் எந்தத் துளைக்குள்ளும் இறங்கியதில்லை.

அன்வருதீன் தலையசைத்தார்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கயிறு அசையும், நிற்கும். வாழைத்தண்டு ஒன்று வெளியே வந்தது. பிறகு கிழிந்த மெத்தை, தென்னை மட்டை. மேலே கயிறு பிடித்திருந்தவர்கள் கை மாற்றிக்கொண்டார்கள். தெருவில் சனம் கூடிவிட்டது. திடீரென்று அடியில் ஒரு உறுமல் கேட்டது. துளையைச் சுற்றி நின்ற தண்ணீர் சுழித்து உள்ளே பாய்ந்தது. "திறந்துக்கிச்சி!" என்று யாரோ கத்தினார்கள், பெண்கள் சிலர் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தில் உள்ளேயிருந்து பாவாடை கூப்பிட்டது முதலில் யாருக்கும் கேட்கவில்லை.

பாய்ந்த தண்ணீரில் பக்கச்சுவர் சரிந்து கண்ணையன் காலின்மேல் விழுந்திருந்தது. பாவாடை அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் உள்ளே குதித்தார்கள். அன்வருதீனும் இறங்கினார். சட்டைப்பையில் இருந்த மூக்குக்கண்ணாடி எங்கே போயிற்று என்று பிறகும் தெரியவில்லை. கல்லைப் புரட்டி, ஆளை மேலே தூக்கி, செயலாளரின் காரிலேயே போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அரிகிருஷ்ணன் கதவைத் திறந்துவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணையனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நெல்லித்தோப்பில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கண்ணையனின் மனைவி மணியம்மாள் கையெழுத்துத் தெரியாமல் கட்டைவிரல் வைத்தாள். அவள் புடவை முழங்கால்வரை சேறாக இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அரிகிருஷ்ணன் அன்வருதீனைத் தனியாகக் கூப்பிட்டார். கொஞ்சம் தள்ளி நின்ற பாவாடைக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

"வேலைச் சீட்டு இல்லை. வேலைநிறுத்தத்துல இருக்கிற தினக்கூலி ஆள், அவனா இறங்கியிருக்கான். வாரியத்துக்குச் சம்பந்தம் இல்லைன்னு ஆகும். நஷ்டஈடு வராது, வேலையும் வராது. நான் கொடுக்கணும்னு நினைச்சாலும் ஆடிட்டுல நிக்காது."

"உத்தரவு இருந்ததுன்னா?"

"இருந்ததுன்னா பணியில இருந்தபோது நடந்த விபத்து. எல்லாம் கிடைக்கும்," என்றார். "ஆனா வேலைநிறுத்தம் நடக்கும்போதே கேங் வேலை செய்ததுன்னும் ஆகும். அதை நான் சொல்லாம இருக்கமாட்டேன். இன்னொண்ணு. தினக்கூலி ஆளை ஓடுற தண்ணியில இறக்கினது யாருன்னு விசாரணை வரும். நான்தான் நடத்தணும். உங்களைக் காப்பாத்துவேன்னு நினைச்சுக் கையெழுத்துப் போடாதீங்க."

சொல்லிவிட்டு வராந்தா முனைக்குப் போய் மழையைப் பார்த்தபடி நின்றார்.

பாவாடை அன்வருதீன் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. "போடாத. ஒன்ன கெஞ்சிக் கேக்கறேன் பாய். இன்னிக்கி ஊரே நம்ம பக்கம் இருக்குது. நம்ம ஆளு ஊருக்காக எறங்கிக் காலக் குடுத்திருக்கறான். நாளைக்கி அவரு பேச வந்துதான் ஆவணும். நீ அதுல கையெழுத்துப் போட்டா ஸ்ட்ரைக்கு முடிஞ்சிது. நூத்து முப்பது குடும்பம். கண்ணையன சங்கம் பாத்துக்கும்."

"எத்தினி நாளைக்கு?"

கேட்டது மணியம்மாள். அவள் எப்போது பக்கத்தில் வந்து நின்றாள் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"சொல்லுங்க மேஸ்திரி. எத்தினி நாளைக்கு சங்கம் பாக்கும்? எம் மாமன் மில்லுல கை போயி வந்தப்ப சங்கம் பாத்துச்சி. மூணு மாசம் பாத்துச்சி. அப்புறம் எங்காயா மொளகாப் பொட்டலம் கட்டி வித்துத்தான் சோறு போட்டுது."

மணியம்மாள் அன்வருதீனைப் பார்த்தாள்.

"நீங்கதான் அவரப் பாத்து தல ஆட்னீங்க. நான் வாசல்லதான் நின்னுக்கிட்டு இருந்தேன். பாத்தேன். நீங்க ஆட்டலன்னா அவரு எறங்கியிருக்கமாட்டாரு. அது உத்தரவு இல்லன்னு எம் மூஞ்சப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் அழவில்லை.

அன்வருதீன் பாவாடையின் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டார். நர்சு மேசையிலிருந்து ஒரு பேனா கேட்டு வாங்கினார். கண்ணாடி இல்லாததால் தாளைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, மதியம் நெல்லித்தோப்பில் தான் கொடுத்த வாய்மொழி உத்தரவின்பேரில் கண்ணையன் சாக்கடைக்குள் இறங்கினான் என்றும், அதற்குத் தானே பொறுப்பு என்றும் எழுதி, பணி மேலாளர் என்று போட்டுக் கையெழுத்திட்டார். அந்தப் பதவியின் பெயரில் அவர் போட்ட முதல் கையெழுத்து அது.

பாவாடை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடிக்க வருவார் என்றுகூட அன்வருதீன் எதிர்பார்த்தார். பாவாடை படி இறங்கி மழைக்குள் போனார்.

செயலாளர் சொன்னதைச் செய்தார். மறுநாள் பத்திரிகைகளில், மேலாளர் உத்தரவுப்படி தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பி நெல்லித்தோப்பு வெள்ளத்தை வடித்தார்கள் என்று செய்தி வந்தது. பந்தலில் ஆள் குறைந்தது. நாலு நாள் இழுத்துப் பார்த்துவிட்டு, பாதிப் பேரை மட்டும் நிரந்தரமாக்குகிறோம் என்ற வாக்குறுதியோடு சங்கம் வேலைநிறுத்தத்தை முடித்துக்கொண்டது. மீதிப் பேர் பாவாடை வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். அவர் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. வெளியே வந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

கண்ணையனுக்கு நஷ்டஈடு கிடைத்தது. கட்டைக்காலோடு யார்டு வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தான், நிரந்தர வேலை. "பர்மனென்ட் ஆவறதுக்கு எல்லாரும் கொடி புடிச்சாங்க, நான் கால விட்டேன்," என்று சிரித்துக்கொண்டே சொல்வான். கேட்பவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

விசாரணை தை மாதம் நடந்தது. ஓடுகிற தண்ணீரில் தினக்கூலி ஆளை இறக்கினீர்களா என்று அரிகிருஷ்ணன் கேட்டார். ஆமாம் என்றார் அன்வருதீன். ஏன் என்று கேட்டதற்கு, வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. முடிவு சுருக்கமாக வந்தது: மேலாளர் பொறுப்பிலிருந்து நீக்கம். பழைய இடத்துக்கும் திரும்ப முடியவில்லை. ஹெட் ஓவர்சியர் பதவியைத்தான் உயர்த்திவிட்டார்களே, அப்படி ஒரு இடமே வாரியத்தில் இல்லை. அதனால் சாதாரண ஓவர்சியராக, பதினைந்து வருடத்துக்கு முன்னால் சேர்ந்த இடத்தில், கொண்டுபோய் வைத்தார்கள். மேலாளர் நாற்காலிக்குச் சென்னையிலிருந்து பட்டம் படித்த ஒருவர் வந்து சேர்ந்தார்.

உத்தரவை வாங்கிக்கொண்டு வந்த அன்று கரீமா அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வருத்தமா இருக்கா?"

"இருக்கு," என்றார். "ஜீப்பு நல்லா இருந்துச்சி கரீமா."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது; அது சிரிப்பா இல்லையா என்று அவர் கேட்கவில்லை.

சாதாரண ஓவர்சியர் சங்கத்தில் சேரலாம். அன்வருதீன் மாசியில் விண்ணப்பம் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் பாவாடையிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை யார்டுக்குப் போனார். இரண்டு தடவையும் பாவாடை வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விட்டார்.

பொதுக்குழு நெல்லித்தோப்பில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் கூடியது. விண்ணப்பம் போட்டவர் உள்ளே இருக்கக் கூடாது என்பதால் அன்வருதீன் வெளியே சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்றார். உள்ளே சத்தம் ஏறியது. "காட்டிக் குடுத்தவன்" என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. கண்ணையன் குரலும் கேட்டது, ஆனால் என்ன சொன்னான் என்று புரியவில்லை. யாரோ மேசையைத் தட்டினார்கள். அவருக்குக் கால் வலித்தது. ஒரு சைக்கிள் கேரியரில் சாய்ந்துகொண்டார். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். போனால் அது வேறொரு பதிலாகிவிடும் என்று நின்றார். பிறகு உள்ளே அமைதி. கை தூக்கச் சொல்லி எண்ணுகிறார்கள் என்று புரிந்தது.

பாவாடைதான் வெளியே வந்தார். அன்வருதீன் முன்னால் வந்து நின்று, அந்தக் குளிர்காலம் முழுவதிலும் முதல் தடவையாக முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"சேத்துக்கிட்டாங்க. மூணு கை அதிகம்."

"நீ...?" என்றார் அன்வருதீன்.

"நான் தூக்கல பாய். வேற எவனாவது சொல்லி உனக்குத் தெரியவேணாம், நானே சொல்லிடறேன். சேக்கவும் தூக்கல, தள்ளவும் தூக்கல." மூச்சு வாங்கினார். "நீ போட்டது தப்புன்னு இன்னிக்கும் சொல்லுவேன். எம் வாசல்ல வந்து நின்னவங்க பேரெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா மணியம்மா கேட்டதுக்கு எங்கிட்டயும் பதில் இல்ல. இத்தினி நாளா தேடிப் பாத்துட்டேன். இல்ல."

"எங்கிட்டயும் நீ கேட்டதுக்குப் பதில் இல்ல பாவாடை."

"தெரியும்."

உள்ளே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். மூலக்குளம் பக்கம் புதிதாக வந்த குடியிருப்புகளுக்குச் சாக்கடை வெட்டுகிற வேலை. புது மேலாளர் முட்டுக்கொடுக்காமல் ஆழக் குழி தோண்டச் சொல்கிறாராம். குரல்கள் மறுபடியும் ஏறின.

"உள்ள வா," என்றார் பாவாடை. "அவரு சொல்ற ஆழத்துல மண்ணு நிக்குமா நிக்காதான்னு கேக்கறானுவ. வந்து சொல்லு."

அவர் முன்னால் நடந்தார். அன்வருதீன் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். சிலர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சிலர் கொடுக்கவில்லை. கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.